எடுத்துடுங்க

"அணைச்சாச்சா? சரி, இப்ப பத்து வரைக்கும் எண்ணுங்க. மனசுக்குள்ள இல்ல சார், வாய்விட்டு. எனக்குக் கேக்கணும்."

போனில் அந்தப் பக்கம் ஒருவர் ஒன்று, இரண்டு என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எண்ண ஆரம்பித்தார். சத்தமாக எண்ணச் சொல்லாவிட்டால் யாரும் பத்து வரைக்கும் பொறுப்பதில்லை. மூன்றிலேயே ரூட்டரைப் போட்டுவிட்டு, "இன்னும் நெட் வரலையே" என்று என் உயிரை எடுப்பார்கள். பதினெட்டு வருஷமாக இந்தக் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் உட்கார்ந்து நான் கண்டது, மனுஷனுக்குப் பொறுமை கிடையாது என்பதுதான். எனக்கு அதைவிடக் கிடையாது, அது வேறு கதை.

அன்றைக்குக் கடையில் நிற்க இடமில்லை. ஓர் ஆபீஸ்காரர்கள் பத்தொன்பது பழைய லேப்டாப்புகளைக் கொண்டுவந்து கொட்டியிருந்தார்கள். விற்கப் போகிறார்களாம், உள்ளே ஒன்றும் மிச்சமில்லாமல் அழித்துக் கொடுக்க வேண்டுமாம். அவற்றைச் சுவரோரமாக அடுக்கி ஒவ்வொன்றின் மேலும் ஒட்டுத்தாளில் "எல்லாம் எடு" என்று எழுதி ஒட்டியிருந்தேன். அது என் பழக்கம். எந்த மெஷின் வந்தாலும் ஒரு தாள், அதில் இரண்டே வார்த்தை. "சார்ஜ் ஏறல." "திரை போச்சு." "தண்ணி கொட்டிருச்சு." கவுண்டருக்கு முன்னால் ஒரு அம்மாள் பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு நின்று, "நான் ஒண்ணுமே பண்ணலம்மா, அதுவா நின்னுருச்சு" என்று சத்தியம் செய்துகொண்டிருந்தாள். உள்ளே ஒரு பேனா மூடி கிடந்தது. அதுவா நடந்து போய் விழுந்திருக்கும்.

அந்த அம்மாளுக்குப் பின்னால் நின்றவர்தான் அச்சுக்காரர். அச்சகத்தில் மெஷின் ஓட்டுபவர் என்று அப்போது எனக்குத் தெரியாது. நக இடுக்கில் கழுவியும் போகாத நீலத்தைப் பார்த்து பெயிண்டர் என்று நினைத்தேன். ஐம்பத்தைந்து வயசு இருக்கும். ஒரு லேப்டாப்பைப் பூப்போட்ட தலையணை உறைக்குள் போட்டு, தூங்குகிற குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அதையாவது நான் கவனித்திருக்க வேண்டும். விற்கப் போகிற சாமானை யாராவது அப்படிப் பிடிப்பார்களா?

"சொல்லுங்க சார்" என்றேன். போன் என் தோளுக்கும் காதுக்கும் நடுவில். அதில் எண்ணிக்கை ஏழு.

"இது பழசும்மா. வீட்டுல அவங்களோடது. புதுசா போன் வாங்கியிருக்கோம். இதுல இருக்கறதை எல்லாம் எடுத்துடுங்க. எடுத்துட்டு..."

"பத்து!" என்று போன் அலறியது.

"இப்ப போடுங்க. பச்சை லைட் வருதா? வந்துச்சா? அவ்ளோதான், வெச்சிடுங்க." நான் அச்சுக்காரர் பக்கம் திரும்பவேயில்லை. ஒட்டுத்தாளை எடுத்து, எழுதி, லேப்டாப்பின் முதுகில் ஒட்டினேன். எல்லாம் எடு.

"எடுத்துட்டு, அப்புறம்..." என்று அவர் மறுபடி தொடங்கினார். சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை வெளியே எடுக்கப் போனார்.

"அப்புறம் எல்லாம் நாளைக்கு சார். பில்லு கில்லு ஒண்ணும் வேணாம், உள்ள வைங்க. மதியம் வாங்க, முடிச்சு வெச்சிருப்பேன்."

அவர் காகிதத்தைத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டார். முப்பது வருஷம் அச்சு மெஷின் பக்கத்தில் நின்றவர். அங்கே யாரும் யாரோடும் பேச முடியாது, விரலைக் காட்டுவார்கள், தலையை ஆட்டுவார்கள். வீட்டில் அவருக்கும் சேர்த்துப் பேச ஒரு ஆள் இருந்தது. அதனால் ஒருவரை மறித்துத் தன் பேச்சை முடிக்கிற வித்தையை அந்த மனுஷன் கற்றுக்கொள்ளவே இல்லை. இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது.

மறுநாள் காலையில் பத்தொன்பதையும் முடித்துவிட்டு இருபதாவதாக அதையும் செய்தேன். பழைய வேலையின் சூட்டிலேயே கை ஓடியது. வழக்கமாக நான் ஒரு கேள்வி கேட்பேன், "முக்கியமா எதாச்சும் இருக்கா?" என்று. பதினெட்டு வருஷத்தில் அந்தக் கேள்வியைக் கேட்காமல் ஒரு மெஷினையும் நான் துடைத்ததில்லை. அன்று கேட்கவில்லை. அவசரக்காரிக்குப் புத்தி மட்டு என்று என்னைப் பெற்றவள் சொல்வாள். அவள் வாய் பொய்க்கவில்லை.

மதியம் அவர் வந்தபோது கூட ஒரு பெண்மணியும் வந்தார். உயரமாக, நிமிர்ந்த நடை. கழுத்தைச் சுற்றி மெல்லிய பச்சைத் துணி. பார்த்ததுமே டீச்சர் என்று சொல்லிவிடலாம், உள்ளே வந்தவுடன் கடையில் கோணலாக இருந்த நாற்காலியைத் தன் பாட்டுக்கு நேராக்கிவிட்டுத்தான் உட்கார்ந்தார். கையில் ஒரு சின்ன நோட்டு, புதுப் போன். என்னைப் பார்த்துச் சிரித்தார், ஒன்றும் பேசவில்லை. பெரிய இடத்துப் பெருமை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"உக்காருங்க சார்! சுத்தமா எடுத்துட்டேன். தேடினாலும் ஒரு எழுத்து கிடைக்காது. நேத்து கடையில வாங்கின மாதிரி இருக்கு பாருங்க" என்று லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். வெறும் நீலத்திரை. மூலையில் ஒரு குப்பைத்தொட்டிப் படம் மட்டும்.

டீச்சர் தலையை ஆட்டிவிட்டுப் புதுப் போனை என்னிடம் நீட்டினார்.

"இதுல என்ன பண்ணணும்?"

"எடுத்ததை அதுல போடணும்மா" என்றார் அச்சுக்காரர்.

தமிழில் இந்த ஒரு வார்த்தையை எவன் கண்டுபிடித்தானோ தெரியாது. பல்லையும் எடுக்கிறோம், பரணிலிருந்து பெட்டியையும் எடுக்கிறோம். ஒன்றைத் தூக்கி எறிய, இன்னொன்றைக் கையில் வைத்துக்கொள்ள. என் கடைக்கு வருகிறவர்கள் ஒரே மூச்சில், "வைரஸை எடுத்துடுங்க, போட்டோ எல்லாம் எடுத்துடுங்க" என்பார்கள். நான் ஒரு நாளும் குழம்பியதில்லை, மீதியைச் சொல்ல விடுவேன். அன்றைக்கு நான் மீதியை விடவில்லை.

"என்ன இருந்துச்சு அதுல?" என்றேன்.

அச்சுக்காரர் சட்டைப் பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து கவுண்டரில் விரித்தார். மேலே லேப்டாப்பின் பாஸ்வேர்டு. அதன் கீழே குண்டு குண்டான கையெழுத்தில் ஒரு பட்டியல்.

ஒன்று, என்னங்க. இரண்டு, என்னங்க, கோபமா. மூன்று, என்னங்க, சும்மா. ஏழு, குட்டிம்மா சாப்பிட்டியா. பன்னிரண்டு, வாஷிங் மெஷின் நின்னா முதல்ல குழாயைப் பாருங்க. பதின்மூன்று, மிக்ஸி நின்னா அடியில சிவப்பு பட்டன். பதினான்கு, டிவியில படம் வந்து சத்தம் வரலேன்னா. பத்தொன்பது, ரிமோட் உங்க பக்கத்துலயேதான் இருக்கு. இருபத்தாறு, நான் அப்பவே சொன்னேன்ல. முப்பத்தெட்டு, சிரிப்பு. நாற்பத்தொன்று, ஒண்ணுமில்ல. நாற்பத்து மூன்று வரைக்கும் போனது.

"தொண்டையில ஆபரேஷன்மா" என்றார் அவர் தரையைப் பார்த்துக்கொண்டு. "குரல்வளையை எடுத்துட்டாங்க. அஞ்சு வாரம் ஆச்சு. முன்னாடியே ஆஸ்பத்திரியில நர்ஸம்மா சொன்னாங்க, உங்களுக்கு வேணும்கறதைப் பேசிப் பதிஞ்சு வெச்சுக்குங்கன்னு. இவங்க மூணு நாள் கதவைச் சாத்திக்கிட்டுப் பதிஞ்சாங்க. போன்ல போட்டா, பட்டனைத் தொட்டா அவங்க குரல்லயே கூப்பிடலாம்ல. குட்டிம்மா எங்க பொண்ணு, வெளியூர்ல வேலை பாக்குது, அதுகிட்டயும்..."

இந்தத் தடவையும் அவர் முடிக்கவில்லை. நான் மறிக்கவில்லை, அவரே நிறுத்திக்கொண்டார்.

டீச்சர் இன்னும் போனை நீட்டியபடிதான் இருந்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு நீலத்திரையைப் பார்த்தார். கை மெல்ல இறங்கியது. நோட்டைத் திறந்து ஒரே வார்த்தை எழுதி என் பக்கம் திருப்பினார்.

"எல்லாமா?"

நான் எத்தனையோ பேரிடம் எத்தனையோ கெட்ட செய்தி சொல்லியிருக்கிறேன். "போச்சு சார், ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டிருக்கிறேன். அன்று தலையை மட்டும் ஆட்டினேன்.

"நான்தான் சரியா சொல்லல" என்றார் அச்சுக்காரர். "எடுத்து போன்ல போடுங்கன்னு சொல்லியிருக்கணும். எனக்குப் பேசத் தெரியல."

அது எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. "ஐயோ, நீங்க இல்ல சார், நான்தான்! நீங்க சொல்ல வந்தீங்க, இந்தப் பாவி விடல. டீச்சர், என்னைத் திட்டுங்க. வாய்க்கு வந்தபடி நல்லா நாலு வார்த்தை திட்டிடுங்க..."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணல் தன்னோடு போகும், நான் அடுத்தவள் வாயையும் சேர்த்தல்லவா கெடுத்துவிட்டேன்.

டீச்சரின் தோள் குலுங்கியது. கையால் வாயை மூடிக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. சத்தம் இல்லாவிட்டால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. கழுத்துத் துணிக்குள்ளிருந்து காற்று மட்டும் உஸ்ஸென்று வந்து போனது. அவர் பட்டியலை மடித்து நோட்டுக்குள் வைத்தார். போகும்போது நாற்காலியை மறுபடி நேராக்கி வைத்துவிட்டுப் போனார். லேப்டாப்பை மட்டும் கெஞ்சி வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். அழித்ததைத் தோண்டி எடுக்கிற மென்பொருள் என்னிடம் மூன்று இருக்கிறது, மூன்றையும் ஓட்டினேன். அழிப்பது பத்து நிமிஷ வேலை, தேடுவதற்கு ஒரு பகல் முழுக்க ஆனது. "ஒரு வாய் சோறு தின்னுட்டுப் போய்ப் பாரு" என்று வீட்டுக்காரர் இரண்டு தடவை போன் செய்தார். சோறு இறங்குமா? பட்டியலில் இருந்த சிவப்பு பட்டனையே நினைத்துக்கொண்டிருந்தேன். குரல் போகப்போகிறது என்று தெரிந்த ஒரு பெண் கதவைச் சாத்திக்கொண்டு, மிக்ஸி நின்றால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறாள். தனக்காக ஒரு வார்த்தை இல்லை. சிரிப்பைத் தவிர.

சாயங்காலம் அறுபத்தோரு ஒலித்துண்டுகள் கிடைத்தன. பெயர் கிடையாது, தேதி கிடையாது, வெறும் எண்கள். ஒவ்வொன்றாகத் திறந்தேன். சில திறக்கவே மறுத்தன. சிலவற்றில் மணலைச் சலிக்கிற மாதிரி இரைச்சல். ஒன்றில் கம்ப்யூட்டர் தொடங்கும்போது வருகிற மணிச்சத்தம் பாதி. முப்பதைத் தாண்டியபோது நான் வாய்விட்டு எண்ண ஆரம்பித்திருந்தேன், ரூட்டர்காரர்களைப் போல. நாற்பத்தெட்டாவதைத் திறந்ததும் ஒரு பெண் குரல் கேட்டது.

"இருங்க, இருங்க. இன்னும் ஆரம்பிக்கல."

அவ்வளவுதான். நாலு விநாடி. முதலில் கதவு கிறீச்சிடுகிற சத்தம், பிறகு அந்தக் குரல். நான் நினைத்ததைவிடக் கனமாக, கொஞ்சம் கரகரப்பாக, சொன்னால் நாற்பது பிள்ளைகள் கப்சிப்பென்று உட்காரும் குரல். இரண்டாவது "இருங்க"வில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. நான் அழுதுவிட்டேன். அந்தம்மாவின் குரலை அன்றுதான் முதல் தடவையாகக் கேட்கிறேன், ஆனால் காணாமல் போன சொந்தக்காரி ஒருத்தி வாசலில் வந்து நின்ற மாதிரி இருந்தது. மீதிப் பதின்மூன்றிலும் ஒன்றும் இல்லை.

மறுநாள் அவர்கள் வீட்டுக்கு நானே போனேன். மாடியில் இரண்டு அறை. டிவிக்குப் பின்னால் போகிற கம்பிகள் ஒவ்வொன்றிலும் டீச்சரின் கையெழுத்தில் ஒரு சீட்டு கட்டியிருந்தது: "இதைப் பிடுங்காதீங்க." "இதையும்தான்." அச்சுக்காரர் காபி கொண்டுவந்தார், சர்க்கரை போட மறந்திருந்தார். நான் லேப்டாப்பை மேஜையில் வைத்து, "ஒண்ணே ஒண்ணுதான் கிடைச்சுது. அதுவும் பட்டியல்ல இல்லாதது" என்று சொல்லிவிட்டு ஓடவிட்டேன்.

இருங்க, இருங்க. இன்னும் ஆரம்பிக்கல.

டீச்சர் நேராக உட்கார்ந்திருந்தார். வேறு யாரோ ஒரு பெண் பக்கத்து அறையில் பேசுவதைக் கேட்கிற மாதிரி தலையைச் சாய்த்தார். அச்சுக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அன்னைக்கு நான்தான் கதவைத் திறந்தேன்" என்றார். "காபி வேணுமான்னு கேக்க. கெடுத்துட்டீங்களேன்னு சொல்லி மறுபடி முதல்லேருந்து பதிஞ்சாங்க. இதை அப்பவே அழிச்சுட்டாங்க."

டீச்சர் ஆமாம் என்று தலையாட்டினார். அவர் வேண்டாம் என்று தூக்கிப் போட்டது எங்கோ ஒரு மூலையில் கிடந்து தப்பியிருக்கிறது. வேண்டும் என்று பத்திரமாக வைத்த நாற்பத்து மூன்றையும் நான் தேய்த்துக் கழுவிவிட்டேன். நான் அந்த நாலு விநாடியைப் போனில் ஏற்றி, திரையில் ஒரு பட்டனாக வைத்துக் கொடுத்தேன். மற்றதற்கெல்லாம் எழுத்தை வாசிக்கிற ஒரு செயலியும் போட்டேன். டீச்சர் அதில் "என்னங்க" என்று தட்டினார். ஒரு இரும்புக் குரல், யாரோ முகவரி விசாரிப்பது போல, "என்னங்க" என்றது. அச்சுக்காரர் ஒரு முழ தூரத்தில்தான் முதுகைக் காட்டி நின்றார், திரும்பவில்லை. டீச்சர் மறுபடி தட்டினார். அவர் ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்து, "கீழ யாரோ கூப்பிடறாங்க போல" என்றார். டீச்சர் போனை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு என் கடையில் யார் வந்து "எடுத்துடுங்க" என்றாலும், "எந்த எடுக்கறது? வெச்சுக்க எடுக்கறதா, வீச எடுக்கறதா?" என்று கேட்கிறேன். சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

மூன்று வாரம் கழித்து அச்சுக்காரர் போன் செய்தார். வாஷிங் மெஷின் நின்றுவிட்டதாம், தண்ணீர் இறங்கவில்லையாம். "அண்ணா, நான் கம்ப்யூட்டர் ஆளு. துணி துவைக்கற மெஷினுக்கு வேற ஆளைப் பாருங்க" என்று சொல்லியிருக்கலாம். ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

போனால், மனுஷன் எல்லாப் பட்டனையும் ஒரு சுற்று அமுக்கிப் பார்த்திருந்தார். சிவப்பு விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது. டீச்சர் குளியலறை வாசலில் நிலையில் சாய்ந்து நின்றார். குழாயைச் சுட்டிக் காட்டி, அது திறந்துதான் இருக்கிறது என்று கையால் சொன்னார். பட்டியலில் பன்னிரண்டாம் எண். அதை இனி யாருக்கும் யாரும் சொல்ல வேண்டியதில்லை, அந்த வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம்.

நான் தரையில் உட்கார்ந்து கீழே இருக்கிற வடிகட்டியின் மூடியைக் கழற்றினேன். தண்ணீர் கொடகொடவென்று வாளியில் விழுந்தது. உள்ளே நூல், முடி, ஒரு சட்டைப் பொத்தான், கூழாகிப்போன காகிதத் துண்டு ஒன்று. அச்சுக்காரர் சட்டைப் பையைப் பார்க்காமல் துணியைப் போட்டிருக்கிறார். காகிதத்தை விரித்துப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அந்தப் பட்டியல் நோட்டுக்குள்தானே இருந்தது, இது ஏதாவது மருந்துச் சீட்டாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூடியை இன்னும் நான் போடவில்லை. கை முழங்கை வரைக்கும் உள்ளே. தண்ணீர் வடிந்த சத்தம் நின்றதும் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, அச்சுக்காரர் என் தலைக்கு மேலாகக் கையை நீட்டி மெஷினைப் போடப் போனார். போட்டிருந்தால் குழாயிலிருந்து ஏறுகிற தண்ணீரெல்லாம் வீட்டுக்குள் ஓடியிருக்கும். நான் வாயைத் திறப்பதற்குள் எனக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது.

"இருங்க, இருங்க. இன்னும் ஆரம்பிக்கல."

அவர் கை அப்படியே நின்றது.

நான் மூடியைத் திருகி இறுக்கினேன். வாளியை நகர்த்தினேன். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "இப்பப் போடலாம் அண்ணா" என்றேன்.

அவருக்கு அது காதில் விழவில்லை. மெஷினைப் பார்த்தபடியே நின்றார், திரும்பினால் என்னவோ ஆகிவிடும் என்பது போல. நக இடுக்கில் நீலம் படிந்த அந்த விரல் பட்டனுக்கு நூலிழை தூரத்தில் நின்றிருந்தது. டீச்சர் போனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். சிவப்பு விளக்கு மினுங்கி மினுங்கி அணைந்தது. அச்சுக்காரர் இருந்தார், மீதியைக் கேட்பதற்காக.